வளைவில் கை காட்டியவன்

என் மகன் தவுடுக்கு,

இந்தப் பேரைப் போட்டதற்காகக் கோபித்துக்கொண்டு கடிதத்தைக் கிழித்துவிடாதே. பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போன வருசமே, இனிமேல் இப்படிக் கூப்பிடக் கூடாது என்று எங்கள் இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கியவன் நீ. உனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் நீ பிறந்த உடனே உன் அம்மா உன்னைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தவிட்டுக்கு வாங்கின பிள்ளையை எந்தக் காத்துக் கருப்பும் ஏறெடுத்துப் பார்க்காது என்று நம் பக்கத்து நம்பிக்கை. அந்தப் பேர் ஊரில் யாருக்கும் தெரியாது. எஸ்டேட்டில் தெரியாது. உனக்கும் எனக்கும் உன் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த பேர் அது. அதனால்தான் வியாழக்கிழமை காலையில் நீ போன் பண்ணியபோது உன் பல் தந்தியடிக்கிற சத்தம் போடியில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், சரியா என்று பார். "அப்பா, நேத்துச் சாயங்காலம் கண்ணால பாத்துட்டேம்ப்பா. ஸ்டோர் வளைவுல. ஒருத்தன் இல்ல, ரெண்டு பேரு. ஒண்ணு சாக்கப் போத்திக்கிட்டுக் கையக் காட்டுச்சு. கால இழுத்து இழுத்து ரோட்டுக்கு வந்துச்சு. நான் நிக்கல. தாண்டிப் போறப்ப என் பேரச் சொல்லிக் கூப்பிட்டுச்சுப்பா. தவுடுன்னு கூப்பிட்டுச்சு. அதுக்கு எப்படிப்பா தெரியும்?" அதற்கப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஞாயித்துக்கிழம லோடு ஜீப்புல அந்த வடக்கத்தியான ஏத்திக் கீழ எறக்கி விட்டுர்றேன். மொதலாளியும் சரின்னுட்டாரு. நேத்து அடுப்பக்கூடப் பாக்காம எங்கயோ போயிட்டான், காயெல்லாம் நெறம் செத்துப் போச்சு" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். டவர் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். டவர் இருந்தது.

திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் முப்பது வருசம் ஸ்டியரிங்காலும் வாயாலும் பிழைத்தவன். பேச ஆரம்பித்தால் அங்கே கொஞ்சம் ஏற்றி, இங்கே கொஞ்சம் இழுத்து, நடந்ததை நடக்காததாக்கிவிடுவேன். எழுதினால் கை வலிக்கிறது, அதனால் அளவோடு நிற்கும். இதைச் சனிக்கிழமை காலை ஜீப்பில் கொடுத்துவிடுகிறேன். நீ மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆளை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால், எஸ்டேட் லைன் வீட்டு ஆட்கள் எல்லாரையும் கூட்டி வைத்துக்கொண்டு சத்தமாகப் படி. உன் மானம் போகும் என்றால் தவுடு என்று வருகிற இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் படி.

முதலில் புகைக்காரனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட வந்தபோது இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு என்னிடமே அவனைப் பற்றிச் சொன்னாய். மலைமேல் மெட்டு தாண்டி எஸ்டேட் ரோடு பிரிகிற வளைவில் பல வருசமாகப் பூட்டிக் கிடந்த ஏலக்காய் ஸ்டோரை உன் முதலாளி இப்போது சரிபண்ணி, காய் உலர்த்துவதற்கு அடுப்பு மூட்டியிருக்கிறார் என்றாய். அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஜார்க்கண்டிலிருந்து ஒரு ஆள் வந்திருக்கிறான். வந்த நாளிலிருந்து பெண்கள் அந்தப் பக்கத்துச் செடிகளில் காய் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். இடது காலை இழுக்கிறான், நனைந்த சாக்கைப் போர்த்தியிருக்கிறான், பொழுது சாயும்போது இரண்டு தடவை சீட்டி அடிக்கிறான், எந்தப் பாஷை பேசுகிறான் என்றே தெரியவில்லை. மூடுபனிக்குள்ளிருந்து அவன் விறகுக்கட்டையோடு வருவதைப் பார்த்துவிட்டு ஒருத்தி ஓடி விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். "புகைக்காரந்தாம்ப்பா அது. நீங்க சொல்லுவீங்களே, அதே ஆளு" என்றாய்.

நான் சிரித்தேன். "அட கிறுக்கா, அது நான் கட்டுன கதைடா" என்றேன். நீ சிரிக்கவில்லை. கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். "நீங்க கட்டலப்பா. நீங்க பாத்தீங்க. பாத்ததத்தான் சொன்னீங்க" என்றாய். உன் அம்மா பேச்சை மாற்றுவதற்காக ரசத்தை ஊற்றினாள்.

நான் கட்டியதுதான், அப்பு. எப்படிக் கட்டினேன் என்று சொல்கிறேன். அடிவாரத்து முந்தல் தாண்டி வளைவு ஏற ஆரம்பித்ததும், எஸ்டேட் வேலைக்கு என் ஜீப்பில் போகிற பெண்களில் ஒவ்வொருத்தியாக வாந்திக்குப் பயந்து முந்தானையை வாயில் வைப்பாள். ஆறு பேர் உட்கார வேண்டிய இடத்தில் பதினாறு பேரை அடைத்தால் வேறென்ன செய்வார்கள். ஒருத்தி ஆரம்பித்தால் போதும், வண்டி முழுக்கத் தொற்றிக்கொள்ளும். மற்ற டிரைவர்கள் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள், இஞ்சி மிட்டாய் வைத்திருந்தார்கள். ஒருநாள் நான் சும்மா, அடுத்த வளைவில் யானை நிற்கிறது என்று ஒரு புரளியைக் கிளப்பினேன். மெட்டு வரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பயந்துபோனவளுக்கு வாந்தி வராது என்று அன்றைக்குக் கண்டுபிடித்தேன். எந்த டாக்டருக்கும் தெரியாத வைத்தியம் என்று ஸ்டாண்டில் பீற்றிக்கொண்டும் திரிந்தேன். ஆனால் யானையை எத்தனை நாள் நிறுத்தி வைக்க முடியும்? தினமும் நிற்கக்கூடிய ஒன்று எனக்கு வேண்டியிருந்தது.

நீ அப்போது சின்னப் பிள்ளை. ஒரு நாள் காலையில் நல்ல மழை, பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பூட்டின ஸ்டோர் வளைவில் ஒரு ஆள் சாக்கைக் கொங்காணி மாதிரி தலையில் மாட்டிக்கொண்டு நின்றான். கையைக் காட்டினான். வண்டியில் இடமில்லை. இடமிருந்தாலும் அந்த வளைவில் நிறுத்தினால் மறுபடி ஏற்றுவது கஷ்டம். ஹாரனை நீளமாக அடித்துக்கொண்டு வந்துவிட்டேன். நான் அவனைப் பார்த்தது ஒரு வளைவு திரும்புகிற நேரம் மட்டும்தான். அவன் எந்த ஊர், என்ன சோலியாக நின்றான், தமிழனா மலையாளியா, எதுவும் தெரியாது. மறுநாள் பெண்கள் முந்தானையை எடுத்தபோது அவனைக் கதையில் இறக்கிவிட்டேன். காலை இழுக்கிறான் என்றேன், ஏனென்றால் இழுத்துக்கொண்டு வருகிற கால் ஓடி வருகிற காலைவிடப் பயம். அவன் பேசுவது எந்தப் பாஷையிலும் சேராது என்றேன். தீ இல்லாத ஸ்டோரில் அவன் வந்தால் மட்டும் புகை வரும் என்றேன். இரண்டு தடவை சீட்டி அடிப்பான், அப்புறம் நம் பேரைச் சொல்லிக் கூப்பிடுவான், அதுவும் வீட்டில் கூப்பிடுகிற பேரை. திரும்பிப் பார்த்தால் போச்சு. இப்படிச் சொல்லிச் சொல்லியே என் ஜீப் சுத்தமாக இருந்தது.

லீவு நாளில் உன்னை முன்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போவேன். அந்த வளைவு வந்ததும் ஹாரனை அடிக்கிற வேலை உன்னுடையது. இரண்டு கையாலும் அமுக்குவாய். ஒருநாள் இறங்கி வரும்போது நீ கேட்டாய்: "அப்பா, அந்த ஆளுக்கு வீடு எங்கப்பா?" நான் யோசிக்கவே இல்லை. "அவனுக்கு வீடெல்லாங் கெடையாதுடா" என்றேன். வீடு இருந்தால் அவனுக்கு அம்மா இருப்பாள், பசிக்கும், ஜலதோசம் பிடிக்கும். அதெல்லாம் இருந்தால் எவனுக்குப் பயம் வரும்? கதைக்கு ஆகாது என்று நான் அவன் வீட்டைப் பிடுங்கிக்கொண்டேன். நீ அதற்கப்புறம் கேட்கவும் இல்லை.

அந்த வளைவைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறு கதைகளும் இருந்தன. டயர் வெடித்தபோது யாரோ முன்பின் தெரியாத நாலு பேர் இறங்கி வந்து வண்டியைத் தூக்கிப் பிடித்தார்கள். ஒரு மலையாளத்து அம்மா கட்டன் சாயா போட்டுக் கொடுத்துவிட்டு, என் தமிழைக் கிண்டல் பண்ணினாள். இதையெல்லாம் நான் ஒருநாளும் ஜீப்பில் சொன்னதில்லை. இதைக் கேட்டு யாருக்கும் வாந்தி நிற்காது. ஒரே ஒரு கதையை வண்டியை விடுகிற வரைக்கும் ஓட்டினேன். அந்த மலையில் அந்நிய முகம் என்றால் இதுதான் என்று ஒரு ஆளைச் செய்து வைத்துவிட்டேன். அந்த ஆளின் நாற்காலி காலியாகவே கிடந்தது. பாஷை தெரியாதவன் ஒருத்தன் வந்ததும் அவனைப் பிடித்து அதில் உட்கார வைத்துவிட்டீர்கள்.

நீ எஸ்டேட்டுக்குப் போன பிறகு திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கண்ணை மூடினால் அந்த மழைக்காலை வருகிறது. சாக்குப் போட்ட ஆள் கையைக் காட்டுகிறான். நான் ஹாரன் அடிக்கிறேன். பின்னால் பார்க்கிற கண்ணாடியில் அவன் காலை இழுத்துக்கொண்டு வருகிறான். காலை இழுத்தது நான் சேர்த்தது. எனக்கே தெரியும். ஆனால் கண்ணாடியில் தெரிகிறது. எவ்வளவு துடைத்தாலும் அந்தக் கால் போக மாட்டேன் என்கிறது. அவன் நிஜமாகவே இழுத்ததைப் பார்த்துவிட்டு, நானே கட்டியது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேனோ என்றுகூட ஒரு நிமிசம் தோன்றியது. பட்டப்பகலில் வாசலில் உட்கார்ந்துகொண்டு நான் பயந்தேன், அப்பு. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நேரில் போய் அந்த ஆளைப் பார்த்தால்தான் என் புத்தி நேராகும் என்று தோன்றியது. உன்னிடம் சொன்னால் விட மாட்டாய். உன் அம்மாவிடம் தேனிக்குக் கண் காட்டப் போகிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, புதன்கிழமை விடியலில் ஸ்டாண்டுக்குப் போய் ஆள் ஏற்றுகிற ஜீப்பில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

டிரைவர் புதுப் பையன், பொட்டிபுரம் பக்கத்துக்காரன். என்னை அவனுக்குத் தெரியாது. முந்தல் தாண்டியதும் ஒருத்தி முந்தானையை எடுத்தாள். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தான். என் கதை. நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினான், நான் குரலை இறக்குகிற வளைவில் இறக்கினான். சும்மா சொல்லக் கூடாது, என்னைவிட நன்றாகவே சொன்னான். எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. மெட்டு தாண்டி மூடுபனிக்குள் நுழைந்ததும் நான் சொல்லாத ஒன்றைச் சொன்னான்.

"முன்ன இந்த லைன்ல ஒரு பழைய டிரைவரு ஓட்டுனாரு. நல்ல மனுசனாம். ஒருநா மஞ்சுல இந்த ஆளு கையக் காட்டவும், பாவம்னு வண்டிய நிறுத்தி ஏத்திக்கிட்டாரு. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பாத்தா ஆளக் காணோம். சீட்டுல ஒரு குத்துச் சாம்பல். அதுக்கப்பறம் அவரு ஒரு வருசங்கூட இருக்கல." அந்த டிரைவரின் பேரையும் சொன்னான். என் பேர்.

என் சாவுச் செய்தியை நான் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டேன். பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். நான் அன்றைக்கு வண்டியை நிறுத்தவே இல்லையே என்பதுதான் முதலில் மனசில் வந்தது. நான் செய்யாத ஒரே நல்ல காரியத்தைச் செய்ய வைத்து, அதற்காகவே என்னைச் சாகடித்திருக்கிறார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "தம்பி, அந்த டிரைவர் நாந்தாம்ப்பா. நான் சாகலியே" என்றேன்.

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் மெல்ல நகர்ந்தாள், நகர இடமில்லாத இடத்தில் நகர்ந்தாள். எதிரே இருந்தவள் குனிந்து என் கால் தரையில் பாவுகிறதா என்று பார்த்தாள். டிரைவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். வளைவு வந்தது. எந்த வளைவில் நிறுத்தவே கூடாதோ அந்த வளைவில் வண்டியை நிறுத்தினான். "அய்யா, நீங்க எறங்கிக்கங்க" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். நான் என் பேரையும் ஊரையும் உன் அம்மா பேரையும்கூடச் சொன்னேன். "அதெல்லாம் சரிங்கய்யா, வெரசா எறங்குங்க" என்றான். நான் இறங்கியதும் ஒருத்தி மட்டும் மனசு கேட்காமல் காலடியில் கிடந்த யூரியா சாக்கை வெளியே எறிந்தாள். "மழைக்குப் போத்திக்கங்க" என்றாள். வண்டி போய்விட்டது.

மழையில் சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டேன். என் இடது முழங்கால் எப்படி என்று உனக்குத் தெரியும், ஈரம் பட்டால் மடங்காது. உன் எஸ்டேட் ஆபீசுக்கு ஏற்றத்தில் நடக்க முடியாது. போனில் டவர் இல்லை. மேலே வந்த ஜீப்புக்கு ரோட்டோரமாகப் போய்க் கையைக் காட்டினேன். ஹாரனை நீளமாக அடித்துக்கொண்டு சல்லென்று போனான். அடுத்தவனும் அப்படியே. இரண்டாவது ஜீப் போன பிறகுதான் குனிந்து என் காலைப் பார்த்தேன். சாக்கைப் பார்த்தேன். பின்னால் அந்த ஸ்டோரின் புகைக்கூண்டிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. நான் தேடி வந்த ஆள் வேறெங்கேயும் இல்லை.

வேறு போக்கிடம் இல்லாமல் புகையைப் பார்த்து நடந்தேன். ஸ்டோர் வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கரித்துண்டும் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள், ஒரு பிய்ந்த செருப்பும் தொங்கியது. கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே இரண்டு தடவை சீட்டிச் சத்தம் கேட்டது. நான் அப்படியே நின்றுவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது நான் கட்டிய சீட்டி, ஜீப்பில் பல்லைக் கடித்துக்கொண்டு நான் அடித்துக் காட்டுகிற அதே சீட்டி என்றுதான் பட்டது. பயத்தில் கதவில் கை வைத்தேன், அது கிரீச்சென்றது. உள்ளே இருந்து ஒருத்தன் எரிகிற கொள்ளியைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்து நின்றான். "கோன்? கோன்?" என்று, யார் யார் என்று இந்தியில் அலறினான். அவன் கண் என் சாக்கைப் பார்த்தது, என் காலைப் பார்த்தது. கொள்ளி அவன் கையில் கிடுகிடுவென்று ஆடியது. இருந்த பயத்திலும் எனக்கு ஒன்று புரிந்தது. அவன் என்னைப் பார்த்துப் பயப்படுகிறான்.

"மோனே, ஞான் டிரைவர், டிரைவர்" என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தையெல்லாம் எடுத்துவிட்டேன். ஸ்டியரிங் பிடிப்பது மாதிரி கையால் ஓட்டிக் காட்டினேன். சாக்கைக் கழற்றினேன். என் வழுக்கையைப் பார்த்ததும்தான் அவனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. கொள்ளியைக் கீழே போடாமல், ஒரு கையால் என் தோளைத் தொட்டுப் பார்த்தான். உடம்பு இருந்தது. அப்புறம் அடுப்புப் பக்கமாக ஒரு பலகையைத் தள்ளிவிட்டு, "சேட்டா, இரிக்கு" என்றான்.

மழை விடவில்லை, முழங்கால் வீங்கிவிட்டது. பகல் முழுக்க அங்கேயே கிடந்தேன். அவன் பேர் சோம்ரா. எஸ்டேட்டில் ஒருத்தரும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம். அவனுக்கு வந்து சேர்ந்த மலையாளமும் எனக்குத் தெரிந்த இந்தியும் சேர்ந்தால் ஒரு கைப்பிடி தேறாது, மீதியைக் கையால் பேசினோம். கால் ஏன் இழுக்கிறாய் என்று கேட்டேன். காலை நீட்டிக் காட்டினான். எஸ்டேட்டில் முன்னால் இருந்தவர்கள் விட்டுப் போன, ஜோடி சேராத ரப்பர் பூட்ஸ். அட்டைக் கடிக்குப் போட்டுக்கொள்கிறான். இடது பூட்ஸ் அவன் காலுக்குப் பெரிது, தூக்கினால் கழன்றுவிடும், அதனால் இழுக்கிறான். சீட்டி எதற்கு என்று கேட்டேன். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மெதுவாக, "இவிட பூத்து உண்டு" என்றான், இங்கே பேய் இருக்கிறதாம். எழுந்து நின்று, என் சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, காலை இழுத்து இழுத்து எனக்கு முன்னால் நடந்து காட்டினான். கையை வாயில் குவித்து யாரையோ கூப்பிடுவது மாதிரி காட்டினான். வந்த முதல் வாரமே அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பொழுது சாய்ந்தால் ஸ்டோருக்குள் தனியாகப் போகப் பயந்துகொண்டு, தைரியத்துக்காகச் சீட்டி அடித்துக்கொண்டு போகிறான். நான் கட்டிய புகைக்காரனை எனக்கே நடித்துக் காட்டிவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவன் மகான் என்று நான் எழுத வரவில்லை. ஒரு பகல் பார்த்ததற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. சாயாவில் உப்பைப் போட்டுக் கொடுத்தான், குடிக்க முடியவில்லை. மூஞ்சியைச் சுளித்தேன், அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. நம்மைப் பற்றி அவனிடமும் ஒரு கதை இருக்கிறது. தமிழ் ஜீப்புக்காரர்கள் ஆளை நடுவழியில் தள்ளிவிட்டுப் போய்விடுவார்களாம். காலையில் எனக்கு நடந்ததை நான் காட்டியதும் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினான். ஓட்டு வீடு, முற்றத்தில் என்னவோ காய்கிறது, ஒரு அம்மா வெயிலுக்குக் கையைக் கண்ணுக்குமேல் வைத்துக்கொண்டு நிற்கிறாள். நீ சின்ன வயசில் கேட்டாயே, அதற்குப் பதில் இப்போது சொல்கிறேன். அவனுக்கு வீடு இருக்கிறது, அப்பு.

சாயங்காலம் மழை கொஞ்சம் வெறித்தது. மெட்டு ரோடு வரை போனால் கடைசி பஸ்சைப் பிடிக்கலாம். என்னால் தனியாக நடக்க முடியாது. அவன் அடுப்பைப் பார்த்தான், என் காலைப் பார்த்தான். சூடு இறங்கினால் காய் நிறம் செத்துவிடும் என்று அவனுக்குத் தெரியும், முப்பது வருசம் காய் மூட்டையும் ஏற்றி இறக்கிய எனக்கும் தெரியும். நான் வேண்டாம் என்றேன். அவன் விறகைத் திணித்துவிட்டு என் கையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். புதன்கிழமை சரக்கு கெட்டது அதனால்தான். அவன் எங்கேயோ போகவில்லை. என்னோடு வந்தான்.

வளைவுக்கு வந்து நின்றோம். மேலே இருந்து ஒரு ஜீப் இறங்கி வருகிற சத்தம் கேட்டது. பார்க்கவே வேண்டாம், இரண்டாவது கியரில் அது இழுக்கிற இழுப்பிலேயே எனக்குத் தெரிந்துபோனது. நான் உனக்குக் கொடுத்த என் ஜீப். எனக்கு என்ன சந்தோசம் தெரியுமா? சாக்கைப் போர்த்திக்கொண்டு, வீங்கின காலை இழுத்துக்கொண்டு, அவனை விட்டுவிட்டு ரோட்டுக்கே வந்துவிட்டேன். கையைத் தூக்கிக் காட்டினேன். நீ வைப்பர் ஓடாததால் தலையை வெளியே நீட்டியிருந்தாய். பின்னால் சரக்குமேல் மஞ்சள் தார்ப்பாய் கட்டியிருந்தாய். என்னை நேருக்கு நேர் பார்த்தாய். பார்த்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு ஹாரனில் கையை வைத்தாய். இரண்டு கையையும் வைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். தவுடு, தவுடு என்று கத்தினேன். வேறு பேர் வாயில் வரவில்லை. என் ஜீப் என்னைத் தாண்டிப் போனது. நான் சொல்லிக்கொடுத்தபடியே நீ திரும்பிப் பார்க்கவில்லை.

சோம்ரா வந்து என்னை ரோட்டிலிருந்து ஓரமாக இழுத்தான். மறுபடி என் கையைத் தோளில் போட்டுக்கொண்டு மெட்டு ரோடு வரை கூட்டிப் போனான். பஸ் வெளிச்சம் தெரிந்ததும் என்னை நேராக நிற்க வைத்தான். தலையிலிருந்து சாக்கை எடுத்துவிட்டு என் தலைமுடியை, இருக்கிற நாலு முடியை, கையால் சீவிவிட்டான். அப்புறம் அவன் தள்ளிப் போய் ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்து நின்றுகொண்டான். எதற்கு என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. அவனைப் பார்த்தால் பஸ் நிற்காது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பஸ் நின்றது. நான் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூடுபனிக்குள் அவன் காலை இழுத்துக்கொண்டு திரும்பிப் போய்க்கொண்டிருந்தான். பஸ்சில் யாரோ ஒருத்தர், "அங்க பாரு, அங்க பாரு" என்று பக்கத்து ஆளை இடித்தார்.

நான் கதை கட்டுகிறவன் என்று ஊருக்கே தெரியும். அவனைக் காப்பாற்ற இதையும் கட்டுகிறேன் என்று நீ நினைக்கலாம். மஞ்சள் தார்ப்பாயை யோசி. ஓடாத வைப்பரை யோசி. அதற்கும் மேலே சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அவனை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால், அவன் பலகையில் போய் உட்கார்ந்து, அந்த உப்புச் சாயாவை வாங்கிக் குடி. அவனைப் பற்றி நான் சொல்வதையும் நம்பாதே, லைனில் சொல்வதையும் நம்பாதே. கோபக்காரன் என்று நீயே கண்டுபிடி, வேறென்ன என்றும் நீயே கண்டுபிடி. அப்புறமும் அவனை இறக்கித்தான் ஆக வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், நான் ஒன்றும் கேட்க மாட்டேன். ஒரு பூட்ஸ் மட்டும் அவன் கால் அளவுக்கு வாங்கிக் கொடு.

தவுடு என்று வருகிற இடத்தை விட்டுவிட்டுப் படி என்று மேலே எழுதியிருந்தேன். இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. எல்லாரும் கேட்கும்படி அதையும் சேர்த்தே படி. அந்தப் பேரைச் சொல்லாவிட்டால், வளைவில் நின்றது உன் அப்பன் என்று ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அந்த வளைவில் நிற்கிறவர்களில் உன்னை அப்படிக் கூப்பிடக்கூடியவன் நான் ஒருத்தன்தான். மற்றவர்களுக்கு உன் பேர் தெரியாது, கையை மட்டும்தான் காட்ட முடியும். அடுத்த தடவை ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டு, வண்டியை நிறுத்து.

உன் அப்பா